வளர்ச்சி என்று எழுதி எழுதி அடித்த நோட்டு

நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிய வரி இது: "இரண்டாம் நாள். மூன்று கிண்ணங்களிலும் விதைகள் நன்றாக வளர்ந்துள்ளன."

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "மூணாவது கிண்ணத்துல இருக்கறது கொதிக்கிற தண்ணியில போட்டுச் சாகடிச்சதுப்பா. செத்ததுமா வளருது?"

வரியை அடித்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் அதே சொல்லை இன்னும் நாலைந்து இடத்தில் அடிக்க வேண்டிவந்தது.

இதெல்லாம் அவளுடைய அறிவியல் பாடத்திலிருந்து கிளம்பியது. வளர்ச்சி, விருத்தி, ஆக்குத்திசு, வேறுபாடுறுதல், உருமாற்றம் என்று இருபதுக்கு மேல் கலைச்சொற்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். முதல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன். பிழை எங்களுடையது மட்டும் இல்லை. தமிழில் செடி உயர்ந்தாலும் வளர்ச்சி, கருவில் கையும் காலும் உருவானாலும் கரு வளர்ச்சி, குழந்தை பேசக் கற்றாலும் வளர்ச்சிதான். விருத்தி, படிம வளர்ச்சி என்றெல்லாம் தனிச்சொற்கள் புழக்கத்தில் இருந்தாலும் பேசும்போது எல்லாம் மறுபடி வளர்ச்சிக்குள் போய் விழுந்துவிடுகின்றன.

சரி, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கண்ணால் பார்த்ததைச் சாதாரணத் தமிழில் எழுத வேண்டும். அப்படி எழுத முடியாமல் மாட்டிக்கொண்டால் மட்டுமே கலைச்சொல் நோட்டுக்குள் வரலாம்.

கையில் இருந்தவை: தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கண்ணாடித் தம்ளர்கள், உறிஞ்சுதாள், மில்லிமீட்டர் அளவுகோல், கைலென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய எடைக்கருவி. வரைபடத்தாள் பிறகு வாங்கினோம். முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

உப்பியது

இருபது தட்டைப்பயறு விதைகள் உலர்ந்த நிலையில் 2.98 கிராம். ஓர் இரவு ஊறிய பிறகு 6.1 கிராம். கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்து செத்த இருபது விதைகளும் ஊறியபின் ஏறத்தாழ அதே எடைதான் காட்டின. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியவில்லை. விதைத்தழும்பு என்கிற அந்த வெள்ளைப் புள்ளியின் பக்கம் தோல் சுருங்கி, பிறகு விரிந்து, உள்ளே பருப்பு இறுகியது உட்பட எல்லாம் ஒன்றே.

இங்கேதான் முதல் கலைச்சொல் தேவைப்பட்டது. உள்ளீர்த்தல். உலர்ந்த விதையிலுள்ள புரதமும் மாவுப்பொருளும் செல்சுவர்களும் நீரை இழுத்து உப்புவது. இதற்கு உயிர் வேண்டியதில்லை. மரக்கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்வதும் இதே வேலைதான். சந்தேகம் தீர, உயிருள்ள விதைகளில் ஐந்தை ஆறு மணி நேரம் மட்டும் ஊறவைத்து எடுத்துக் காற்றில் உலர்த்தினோம். இரண்டு நாளில் எடை பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வந்த வழியே திரும்பிப் போகிற பெருக்கத்தை வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீளாத வகையில் பருமனோ நிறையோ கூடுவதுதான் வளர்ச்சி. பாடப்புத்தகத்தில் 'மீளாத' என்று ஒரு சொல் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்கே புரிந்தது.

மூன்றாம் நாள் உயிருள்ள விதைகளில் முளைவேர் வெளியே வந்தது. செத்த கிண்ணத்தில் வந்தது நாற்றம் மட்டும்.

மை போட்ட வேர்

வேர் நீள்கிறது, சரி. ஆனால் எந்த இடத்தில் நீள்கிறது? மகளின் கணிப்பு: ரப்பர் மாதிரி முழுக்க நீளும். என் கணிப்பு: நுனியில் மட்டும். இரண்டும் தப்பு.

1870களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் அவரையின வேரில் மையால் கோடு போட்டுப் பார்த்த சோதனைதான் இது. கேட்க எளிது. எங்களுக்குப் பத்து நாள் ஆனது.

முதலில் ஜெல் பேனா. ஈர வேரில் வைத்ததும் மை பரவி வேர் முழுக்க நீலம். அடுத்து அழியாத மார்க்கர். கோடு அழகாக விழுந்தது. மறுநாள் மூன்று வேர்களின் நுனியும் பழுப்பாகிவிட்டன, ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. அந்த மையில் இருக்கும் கரைப்பான் நுனியைக் கொன்றிருக்க வேண்டும். மூன்றாவதாகக் கரியால் செய்த வரைகலை மை. இது நீரில் ஊறிப் பரவாது, வேரையும் சுடாது. ஆனால் தூரிகையால் வைத்தால் கோடு தடித்து ஒரு மில்லிமீட்டரை விழுங்கிவிடுகிறது.

கடைசியில் கைகொடுத்தது தையல்நூல். ஒரு கம்பியை வில்லாக வளைத்து அதில் நூலை இழுத்துக் கட்டினேன். நூலை மையில் தோய்த்து, உறிஞ்சுதாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு, வேரின்மேல் லேசாகத் தொட்டால் முடி அளவுக் கோடு விழுகிறது. வேரை நனைந்த தாளின்மேல் கிடத்தி, பக்கத்தில் அளவுகோலை வைத்து, நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துக் கோடுகள். ஒரு வேருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வேர் காய்ந்தால் அதோடு முடிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். அதை நான் நான்காவது வேர் வாடிய பிறகு கண்டுபிடித்தேன்.

24 மணி நேரம் கழித்து, நன்றாக வந்த ஒரு வேரின் கணக்கு: நுனியை ஒட்டிய முதல் மில்லிமீட்டர் 2 ஆகியிருந்தது. இரண்டாவது 5. மூன்றாவது 7. நான்காவது மூன்றரை. ஐந்தாவது 2. ஆறிலிருந்து மேலே எல்லாம் அப்படியே 1. பத்து மில்லிமீட்டர் வேர் இருபத்து நாலரை ஆகியிருக்கிறது, அதில் பெரும்பங்கு நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நடந்திருக்கிறது. அங்கே இருந்த கோடுகள்கூட இழுபட்டுப் புகைபோல மங்கியிருந்தன. மேலேயும் கீழேயும் இருந்தவை கூர்மையாகவே இருந்தன. எண்ணைவிட அந்த மங்கல்தான் மகளுக்குப் பிடித்திருந்தது.

வேரின் மண்டலங்கள் என்று படத்தில் மூன்று வண்ணத்தில் காட்டுவார்களே, அது இதுதான். நுனியில் வேர்மூடி, அதை ஒட்டி ஆக்குத்திசு. இலங்கைத் தமிழில் பிரியிழையம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் இன்னும் பிடித்திருக்கிறது, செல்கள் பிரிந்து பெருகும் இடம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் பாருங்கள், செல்கள் மும்முரமாகப் பகுபடும் அந்த இடம் அதிகம் நீளவே இல்லை. ஏன் என்று மகள் கேட்டதற்கு வீட்டு உதாரணம்தான் சொன்னேன்: ஒரு கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினால் அறை இரண்டாகும், வீடு பெரிதாகாது. அந்தச் செல்கள் பின்தங்கி நீட்சிப் பகுதிக்கு வந்து, உள்ளே வாக்குவோல் என்ற பை நீரால் நிரம்பி, சுவர் இளகி நீளும்போதுதான் வேர் ஓடுகிறது.

"மறுபடியும் தண்ணிதானா? அப்ப இதுவும் உப்பறதுதானே?"

நல்ல கேள்வி. நானும் ஒரு நாள் யோசித்தேன். உலர்த்தினால் திரும்பாது என்பதுதான் வித்தியாசம். செல்சுவர் நெகிழ்ந்து கொடுக்கிறது, கொடுத்த இடத்தில் புதிய சுவர்ப்பொருள் சேர்கிறது. அதற்கு உயிர் வேண்டும், ஆற்றல் வேண்டும்.

கோடுகள் நகராத மேல் பகுதியில் லென்ஸ் வைத்தால் வெண்பட்டு மாதிரி வேர்த்தூவிகள். நீள்கிற இடத்தில் ஒன்றுகூட இல்லை. நீளும் இடத்தில் தூவி முளைத்தால், வேர் மண்ணுக்குள் நகரும்போது எல்லாம் அறுந்து போகும். நீளுவது நின்ற பிறகே ஒரு செல் தூவியாகிறது, ஒன்று நீர் கடத்தும் குழாயாகிறது. இதைச் சாதாரணத் தமிழில் எழுத மூன்று வரி ஆனது, அதனால் விதிப்படி 'வேறுபாடுறுதல்' நோட்டுக்குள் வந்தது. இலங்கை நூல்களில் வியத்தம்.

ஆக, 'வேர் வளர்ந்தது' என்று எழுதியதை அடித்துவிட்டு மகள் மூன்று வினைகள் எழுதினாள்: பகுந்தது, நீண்டது, வேறுபட்டது.

இடையில் ஒரு தம்ளரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். இரவுக்குள் வேர் கீழ்நோக்கி வளைந்துவிட்டது, வளைவு விழுந்தது சரியாக அந்த நீட்சிப் பகுதியில். நுனியைக் கிள்ளிவிட்ட வேர் வளையவில்லை. சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் எழுதியது இதைத்தான்: உணர்வது நுனி, வளைவது வேறு இடம். நடுவில் சேதி கொண்டுபோகும் பொருளுக்கு ஆக்சின் என்று பின்னால் பெயர் வந்தது. வளர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். வேடிக்கை என்னவென்றால், வேரின் அடிப்பக்கத்தில் அது அதிகம் சேர்ந்தால் அங்கே நீட்சியைத் தடுக்கிறது. அதனால்தான் வேர் கீழே வளைகிறது.

கொண்டைக்கடலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தட்டைப்பயறு விதையிலைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே வரும், கொண்டைக்கடலை அவற்றைக் கீழேயே விட்டுவிட்டு முளைக்குருத்தை மட்டும் அனுப்பும். தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல். பார்த்த உடனே புரிகிற சொற்கள்.

இருட்டுப் பெட்டி

பதினெட்டு நாற்றுகள் வெளிச்சத்தில், பதினெட்டு நாற்றுகள் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள். ஒன்பது நாள். வெளிச்சத்தில் இருந்தவை சராசரி 11 செ.மீ., பச்சை, இரண்டு விரிந்த இலைகள். இருட்டில் இருந்தவை 24 செ.மீ., வெளிர்மஞ்சள், தலை கொக்கிபோல் வளைந்து, இலை விரியாமல்.

எது அதிகம் வளர்ந்தது? அளவுகோலைக் கேட்டால் இருட்டுதான். இந்த இடத்தில் நான் மறுபடி 'இருட்டில் வளர்ச்சி அதிகம்' என்று எழுதிவிட்டேன். எடையையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது நல்லதாயிற்று.

உலர்நிறை எடுப்பது பொறுமை வேலை. நாற்றை வேரோடு எடுத்து, ஒட்டியிருக்கும் தாள் நாரை நீக்கி, ஓவனில் 80 டிகிரியில் வைத்து, இரண்டு மணிக்கொருமுறை நிறுத்து, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்த வேண்டும். முதல் தட்டை அவசரப்பட்டு 150இல் வைத்துக் கருக்கிவிட்டேன். கருகினால் கார்பனும் புகையாய்ப் போய்விடும், அந்த எடைக்கு அர்த்தமில்லை. இரண்டாவது கவனக்குறைவு: காய்ந்து உதிர்ந்திருந்த விதையிலைகளைக் கிட்டத்தட்ட குப்பையில் போட்டுவிட்டேன். மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாள். ஒப்பிடுவதற்கு இருபது முளைக்காத விதைகளையும் அதே முறையில் உலர்த்தினோம், காய்ந்ததாகத் தெரியும் விதையிலும் நீர் உண்டு. 2.98 கிராம் 2.67 ஆனது.

ஒரு விதையின் உலர்நிறை சராசரி 0.134 கிராம். வெளிச்சத்தில் வளர்ந்த நாற்று 0.141. இருட்டில் வளர்ந்தது 0.098.

இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும் செடி, தான் புறப்பட்ட விதையைவிடக் கால் பங்குக்கு மேல் இளைத்திருக்கிறது. சுவாசத்தில் சேமிப்பைச் செலவழித்து, நீரை நிரப்பி நீண்டுகொண்டே போயிருக்கிறது, வரவு ஒன்றும் இல்லை. வெளிறல் என்று இதற்குப் பெயர். மண்ணுக்குள் புதைந்த விதைக்கு இது கெட்டிக்காரத்தனம்தான், கையிருப்பு தீருமுன் வெளிச்சத்தைத் தொட்டுவிட வேண்டும். நோட்டில் 'வளர்ச்சி' என்ற கட்டத்தை மூன்றாகக் கிழித்தோம்: நீளம், புதுநிறை (நீரோடு சேர்த்த எடை), உலர்நிறை (நீர் போன பிறகு எடை). இனி எதில் என்று சொல்லாமல் வளர்ச்சி என்று எழுதக் கூடாது.

வெளிச்சத்தில் இருந்த செடிகளில் நாலைத் தொட்டிக்கு மாற்றினோம். முதல் இரண்டு இலைகளும் எதிரெதிராக, ஒற்றை இலையாக வந்தவை. அடுத்து வந்ததெல்லாம் மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. அதே தண்டு நுனி, அதே ஆக்குத்திசு, ஆனால் செய்யும் உருப்படி மாறிவிட்டது. இதை எந்த அளவுகோலாலும் எடைக்கருவியாலும் பிடிக்க முடியாது. அளவு அல்ல, உருவமும் நிலையும் மாறுவதைச் சொல்லும் 'விருத்தி' என்ற சொல் எங்கள் நோட்டுக்குள் நுழைந்தது இந்த இலையால்தான்.

பொதுச்சொல்லில் தமிழ் தடுமாறினாலும், விருத்தியின் படிகளுக்குப் பெயர் வைப்பதில் குறை வைத்ததே இல்லை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பிஞ்சு, காய், பழம். இவற்றில் ஒன்றுகூட அளவைச் சொல்லவில்லை, எல்லாம் நிலையைச் சொல்கின்றன. பிஞ்சு காயாகும்போது பெருக்கிறது. காய் பழமாகும்போது பெரும்பாலும் பெருப்பதில்லை, பழுக்கிறது. அப்புறம் 'முற்றுதல்'. முற்றின காயை விரலால் ஒடித்துப் பார்க்கிறவர் நாரின் செல்சுவர் தடித்துவிட்டதா என்றுதான் சோதிக்கிறார். 'முதிர்ச்சியுறுதல்' என்று நூல்கள் எழுதும் இடங்களில் பாதிக்கு மேல் 'முற்றுதல்' பொருந்தும் என்பது என் கருத்து.

எலுமிச்சைப் புழு

இது திட்டத்தில் இல்லை. தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைக்கப் போனேன், நகர்ந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. மொத்தம் ஐந்து. கிளையோடு ஒரு வலைப்பெட்டிக்குள் வைத்தோம்.

செடியில் நீளம் நாளுக்கு நாள் வழுக்கிக்கொண்டு போகும். புழுவில் அப்படி இல்லை. அதன் வெளித்தோலும் தலை ஓடும் கைட்டின் கலந்த கவசம். உடம்பின் தோலில் மடிப்பு இருப்பதால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், தலை ஓடு கொடுக்காது. ஆகவே தலையின் அகலம் தோலுரிக்கும்போது மட்டும் ஒரே தாவாகக் கூடுகிறது. வரைபடத்தாளின்மேல் வைத்துப் படமெடுத்து அளந்தோம். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். முதல் பருவத்தைத் தவறவிட்டோம். அடுத்த நான்கும் 1.0, 1.5, 2.2, 3.3 மி.மீ. ஒவ்வொரு தாவலிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தலை இப்படிக் கிட்டத்தட்ட நிலையான விகிதத்தில் பெருக்கும் என்பதை ஹாரிசன் டயார் 1890இல் குறித்திருக்கிறார். பருவம் என்கிற சொல்லைப் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய புழு பொரித்த நாளிலிருந்து ஐந்தாம் பருவ முடிவுக்குள் எடையில் பத்தாயிரம் மடங்கு வரை பெருக்கும்.

ஒரு புழு அசையாமல் இருக்கிறதே என்று நான் இலையோடு திருப்பிப் பார்த்தேன். தோலுரிக்கப் போகும் புழு கால்களை இலையில் பட்டுநூலால் ஊன்றிக்கொண்டு அப்படித்தான் இருக்கும். பிடிமானம் விட்டது, பழைய தோலில் பாதி சிக்கி, மறுநாள் செத்துக் கிடந்தது. மகள் என்னோடு ஒரு நாள் சரியாகப் பேசவில்லை.

நான்காம் பருவம் வரை எச்ச வேஷம், ஐந்தில் பச்சை. அப்புறம் கூட்டுப்புழு. தோலுரிக்கச் சொல்வது எக்டைசோன் என்ற ஹார்மோன். உரித்தபின் உள்ளிருந்து வரப்போவது புழுவா வேறொன்றா என்று தீர்மானிப்பது இளமை ஹார்மோனின் அளவு. அது நிறைய இருந்தால் இன்னொரு புழு, வற்றினால் கூட்டுப்புழு. 1930களில் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் பூச்சிகளில் சோதித்துக் காட்டிய விஷயம். சட்டை மாற்றுவதற்கு ஓர் ஆணை, ஆளையே மாற்றுவதற்கு வேறோர் ஆணை.

கூட்டுப்புழுவைத் தினமும் நிறுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அது ஒட்டியிருந்த குச்சியை இருபுறமும் வெட்டி, குச்சியோடு நிறுத்து, பிறகு குச்சியின் எடையைக் கழித்தோம். முதல் நாள் 1.14 கிராம். நான்காம் நாள் 1.09. எட்டாம் நாள் 1.04. தின்னவில்லை, பெருக்கவில்லை, தினம் கொஞ்சம் இளைத்தது. உள்ளே புழுவின் தசையும் குடலும் பெரும்பாலும் கரைந்து, புழுவாக இருந்தபோதே ஒதுங்கிக் காத்திருந்த செல் கூட்டங்களிலிருந்து இறகும் காலும் கண்ணும் எழுந்துகொண்டிருந்தன. இருட்டுப் பெட்டிச் செடியின் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் எதிரெதிரே ஒட்டியிருக்கிறாள். அங்கே நீளம் எகிறி, உருவம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இங்கே எடை இறங்கிக்கொண்டே போக, உருவம் தலைகீழாக மாறுகிறது.

பத்தாம் நாள் காலை ஆறரைக்கு ஓடு வெடித்தது. வெளியே வந்தது தடித்த வயிறும், கசங்கிய கைக்குட்டைத் துண்டுகள் போன்ற இறகுகளும். குச்சியைப் பற்றித் தொங்கியபடி வயிற்றை அழுத்தி அழுத்தி இறகின் நரம்புகளுக்குள் திரவத்தைச் செலுத்தியது. அரை மணிக்குள் இறகுகள் பல மடங்கு பரப்பாகிவிட்டன. காலி ஓடு 0.05 கிராம்.

மகள் நோட்டைத் திறந்து 'இறகு வளர்ந்தது' என்று எழுதினாள். எழுதிவிட்டு நின்றாள்.

"எடை கூடலை. புதுசா செல் வரலை. உப்பினதுன்னா திரும்பச் சுருங்கணும், இது சுருங்காதே?"

சுருங்காது, இறுகிவிடும் என்றேன். மூன்று கட்டங்களிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள், எதிலும் பொருந்தவில்லை. என்னிடமும் சொல் இல்லை. வளர்ந்தது என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'விரிந்தது' என்று எழுதிவிட்டு, வலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.